பல்லை க்ளீன் பண்ணினால் பல் ஆடுமா? - ஈறு வைத்தியம் வந்த வழி

"பல் டாக்டர்கிட்ட போறியா, போ. ஆனா க்ளீன் மட்டும் பண்ணிக்காதே. எனாமல் தேஞ்சு பல்லு ஆட ஆரம்பிச்சுடும்."

ஊரை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் கூடவே வருகிற அறிவுரைகளில் இதுவும் ஒன்று. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கூடுவோம். பல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். எதிர் வீட்டு வங்காளி தாதாவும் இதையேதான் சொல்கிறார். ஆக, இது தமிழனுக்கு மட்டும் சொந்தமான பயம் இல்லை :-)

நான் பல் டாக்டர் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஈறில் சீழ் கட்டியது. நாலு தவணையாக ஆழமான ஸ்கேலிங் செய்தார்கள். கடைவாயில் ஒரு பக்கம் மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தையல் போட்டார்கள். கணக்குக்காரன் புத்தி எதற்கும் பழைய வவுச்சரைத் தேடும் இல்லையா? இந்த வைத்தியத்தை முதலில் யார் செய்தார்கள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். கடைசியில் அந்தத் தேடல் போய் நின்ற இடம் நான் எதிர்பார்க்காதது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள்!

அதற்கு முன்னால் நோயைப் பற்றிக் கொஞ்சம். பல்லின் மேல் வழவழவென்று ஒரு படலம் படிகிறதே, அதற்குப் பெயர் பிளேக். பெரும்பாலும் கிருமிகள். தேய்த்து எடுக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். அதுதான் காரை, டாக்டர்கள் டார்ட்டர் என்பார்கள். ஈறு சிவந்து வீங்கும், பிரஷ் பட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டம் வரைக்கும் பயமில்லை, முழுசாகச் சரியாகிவிடும். அடுத்த கட்டத்தில் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து நடுவில் ஒரு பை மாதிரி உண்டாகும். அதற்குள் பிரஷ் போகாது. அங்கே கிருமிகள் குடியேறினால் பல்லைத் தாங்குகிற எலும்பு மெல்ல மெல்லக் கரையும். வினை என்னவென்றால், பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. போன எலும்பு தானாகத் திரும்ப வளரவும் வளராது. நம் பாட்டி காலத்துப் பல்பொடி விளம்பரங்களில் 'பயோரியா' என்று வருமே, அது இதுதான்.

சுரண்டியவர்கள்

காரையைச் சுரண்டி எடுப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்தால் தவறு. சுஸ்ருத சம்ஹிதையில் பல்லின் வேர்ப்பகுதியில், அதாவது ஈறில், வரும் நோய்கள் என்று 15 சொல்லப்பட்டிருக்கின்றன. காரைக்கு அதில் பெயர் தந்தசர்க்கரை. இது இனிக்கிற சர்க்கரை இல்லை. சம்ஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் பொடிக்கல், சரளை என்றும் பொருள் உண்டு. அதைச் சுரண்ட 'தந்தசங்கு' என்று தனியாக ஓர் ஆயுதமும் இருக்கிறது. பல்லின் வேருக்குக் காயம் படாமல் காரையை எடுக்க வேண்டும், எடுத்த பிறகு அரக்குப் பொடியைத் தேனில் குழைத்துத் தடவ வேண்டும் என்பது வைத்தியருக்குச் சொல்லப்பட்ட முறை. இன்றைக்கு ஸ்கேலிங் முடிந்ததும் டாக்டர் ஈறில் களிம்பு தடவிவிடுகிறாரே, கிட்டத்தட்ட அதே வரிசை!

ஸ்பெயினில் கோர்டோபா நகரம் அரபு ஆட்சியில் இருந்த காலம். அங்கே வாழ்ந்த அல் ஸஹ்ராவி என்ற அறுவை மருத்துவர் சுமார் கி.பி. 1000-ல் 30 பகுதிகள் கொண்ட ஒரு மருத்துவக் களஞ்சியத்தை எழுதி முடித்தார். அதில் பல் சுரண்டும் கருவிகள் 14 வகையைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பல்லின் உள்பக்கத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று, இடுக்குக்கு ஒன்று. ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று சுத்தமாகும் வரை சுரண்டச் சொல்கிறார். "ஒரு பல் க்ளீனிங்குக்கு எதுக்கு நாலு சிட்டிங்? பணம் பிடுங்கறாங்க" என்று புலம்புகிறவர்கள் கவனிக்க. தவணை முறைக்கு ஆயிரம் வருட வயசு.

1728-ல் பிரான்சில் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென்றே இரண்டு தொகுதிப் புத்தகம் போட்டார். அவரும் சுரண்டும் கருவிகளை வகைப்படுத்தினார். ஆனால் ஈறு நோய் ஏன் வருகிறது என்பது அவருக்கும் பிடிபடவில்லை. அதை ஸ்கர்வியின் ஒரு வகை என்றுதான் நினைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான குற்றவாளியை அதற்கு 45 வருடம் முன்பே ஒரு ஜவுளி வியாபாரி பார்த்துவிட்டார். ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரைச் சேர்ந்த லேவன்ஹுக், 1683-ல் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவை எடுத்துத் தன் கையால் செய்த லென்ஸின் கீழே வைத்துப் பார்த்தார். நெளிந்து ஓடுகிற குட்டி உயிர்கள்! ஆயுளில் பல்லே விளக்காத ஒரு கிழவரின் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்து, லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். படித்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் அந்த உயிர்களையும் ஈறில் வரும் ரத்தத்தையும் நம்பும்படி முடிச்சுப் போட இன்னும் 282 வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

ஈறு வைத்தியத்தைத் தனி வைத்தியமாக நிமிர்த்தி நிறுத்தியவர் என்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து ஜான் ரிக்ஸைச் சொல்கிறார்கள். இவர் ஏற்கெனவே வேறு ஒரு விஷயத்தில் சரித்திரத்தில் இடம் பிடித்தவர். 1844 டிசம்பர் 11 அன்று ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் சிரிப்பு வாயுவை இழுத்து மயங்கித் தன் பல்லையே பிடுங்கக் கொடுத்தார் அல்லவா? அதைப் பிடுங்கியவர் ரிக்ஸ்தான். மயக்க மருந்து சரித்திரத்தில் அது பெரிய நாள்.

பல் பிடுங்கிப் பெயர் வாங்கியவர், பிறகு பிடுங்காமல் காப்பாற்றுவதற்காகப் பெயர் வாங்கினார். 1876-ல் அவர் கொடுத்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: ஆடுகிற பல்லைப் பிடுங்காதே, ஈறையும் வெட்டித் தள்ளாதே. ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டியிருக்கிற காரையைப் பொறுமையாகச் சுரண்டு, வேரை வழவழப்பாக்கு, நோயாளிக்குச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடு. ஈறு தானாக ஆறும். இந்த நோய்க்கே அமெரிக்காவில் ரொம்ப நாள் 'ரிக்ஸ் நோய்' என்று பெயர் இருந்தது.

ஆனால் நல்ல யோசனை வந்தால் உடனே எல்லோரும் கேட்டுவிடுவார்களா என்ன? 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவில் மான்ட்ரியல் நகரில் ஒரு உரை ஆற்றினார். வாயில் இருக்கிற சீழ்தான் உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்றார். அவ்வளவுதான், மூட்டு வலியா, தலைவலியா, மனக்கோளாறா, எல்லாவற்றுக்கும் பல்லைப் பிடுங்குவது ஃபேஷனாகிவிட்டது. அடுத்த இருபது முப்பது வருடங்களில் காப்பாற்றியிருக்கக் கூடிய பற்கள் எத்தனையோ குப்பைக்குப் போயின.

அந்தக் காற்றுக்கு எதிராக நின்றவர்களில் இரண்டு பெண்கள் முக்கியம். கிரேஸ் ரோஜர்ஸ் ஸ்பால்டிங், ஜில்லெட் ஹேடன் என்ற இரு பெண் பல் மருத்துவர்கள் 1914-ல் ஈறு நோய்க்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய அமெரிக்கன் அகாடமி ஆஃப் பெரியோடாண்டாலஜி. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1913-ல், பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் பல் சுத்தம் செய்வதற்கென்றே பெண்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தார். வந்த நோயைப் பார்ப்பதோடு வராமல் பார்ப்பதும் ஒரு தொழிலாக ஆனது இப்படித்தான்.

நம் நாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நான் இருக்கிற ஊரில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் அயோவாவில் 1915-ல் பல் மருத்துவப் பட்டம் வாங்கிய ரஃபியுதீன் அகமது, 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை திறந்து அதன் வருமானத்தைக் கல்லூரியில் போட்டார். இனிப்பு விற்றுப் பல் மருத்துவம் வளர்த்த புண்ணியவான்! 1949-ல் கல்லூரியை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். சீல்டா பக்கத்தில் அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது.

12 பேர், 480 பேர்

இப்போது 1965. டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரம். ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவருடைய சகாக்களும் ரொம்ப எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். ஈறு நன்றாக இருக்கிற 12 பேரைப் பல் விளக்கக் கூடாது என்றார்கள். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் போல ஆனதும் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. லேவன்ஹுக் பார்த்த உயிர்களுக்கும் ஈறு வீக்கத்துக்கும் முடிச்சு விழுந்தது அன்றுதான்.

சரி, மூன்று வாரத்தில் ஈறு வீங்கும். முப்பது வருடம் விட்டால்? அதைப் பார்க்க, பல் விளக்காத, பல் டாக்டரையே பார்க்காத மனிதர்கள் கூட்டமாக வேண்டும். ஐரோப்பாவில் அப்படிக் கிடைக்கவில்லை.

கிடைத்த இடம் இலங்கையின் மத்திய மலைநாடு. 1970-ல் லோவின் குழு இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 30 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. அந்த மலையகத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று நம் மாவட்டங்களிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் பேரன்மார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்ட சனம். நம்மைப் போல வேலை தேடித்தான் போனார்கள். ஆனால் நமக்குக் கிடைத்தது எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்லோவில் 565 பேர், படித்தவர்கள், சின்ன வயசிலிருந்தே பல் வைத்தியம் கிடைத்தவர்கள். பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் அளவு. 40 வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரருக்குச் சராசரி 1.5 மி.மீ. தோட்டத் தொழிலாளிக்கு 4.5 மி.மீ. மூன்று மடங்கு.

1985 வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 1986-ல் வெளியான கட்டுரை அந்தத் தொழிலாளர்களை மூன்றாகப் பிரித்தது. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 40 வயதுக்குள் 20 பல் போனது, 45-ல் வாயில் ஒன்றும் மிச்சமில்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகப் போனது; 45 வயதில் சராசரியாக 7 பல் இழப்பு. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கமும் காரையும் இருந்தும் எலும்பு வரைக்கும் நோய் போகவே இல்லை.

இந்த 11 சதவீதத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். "எங்க தாத்தா பிரஷ்ஷையே பார்த்ததில்ல, 80 வயசுல கரும்பு கடிச்சார்" என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறதல்லவா? பொய் இல்லை. அந்தத் தாத்தா அந்த 11 பேரில் ஒருவர். ஆனால் 45 வயதில் பொக்கைவாய் ஆன 8 பேரின் கதையை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. நூறு பேரில் நாம் யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் விஷயம்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனில் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் இன்னொரு ஆய்வு நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆக்செல்சன், லிண்டே என்ற இருவர் 375 பேருக்கு ஒழுங்கான இடைவெளியில் தொழில்முறைச் சுத்தமும் பயிற்சியும் கொடுத்தார்கள். 180 பேருக்கு வழக்கமான வருடாந்தர வைத்தியம் மட்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அந்த 180 பேர் ஒப்பீட்டை 6 வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். சுத்தம் தொடர்ந்தவர்களை 30 வருடம் கழித்துப் பார்த்தபோது, கடைசி வரை இருந்த 257 பேரில் ஈறு நோயாலும் சொத்தையாலும் போன பற்கள் மொத்தம் 21.

257 பேருக்கு 30 வருடத்தில் 21 பல். மலையகத்தில் அந்த எட்டு சதவீதத்தில் ஒரே ஒரு மனிதனுக்கு 40 வயதுக்குள் 20 பல். இதற்கு மேல் கணக்கு வேண்டுமா?

என்னோடு வேலை பார்க்கிற ஒரு தம்பி கோத்தகிரிக்காரர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். இந்த எண்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பெரியப்பாவுக்கு நாப்பது வயசுலயே பல்லு இல்லண்ணே. வெத்தலையாலன்னு சொல்லுவாங்க" என்றார். பிறகு, "எண்ணிப் பாத்தவங்க சுரண்டி விட்டிருக்கலாமேண்ணே" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நியாயமாகச் சொன்னால், அந்த வாய்களைக் கெடுத்தது ஆய்வாளர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வைத்து, தேயிலை மூட்டையை மட்டும் எண்ணிய ஏற்பாடு அது. ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் அந்தப் பற்கள் கணக்கில் வராமலே போயிருக்கும். ஆனால் சுரண்டினால் பல் நிற்கும் என்று ரிக்ஸ் சொல்லி அப்போதே 94 வருடம் ஆகியிருந்தது. வைத்தியம் இல்லாத நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வின் நோக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது. 2010-ல் மறுபடி தேடிப்போனபோது 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. அந்த 40 வருடக் கதை 2017-ல் வெளியானது. உலகம் முழுக்க ஈறு மருத்துவம் படிக்கிற மாணவர்கள் இன்றும் இந்த ஆய்வைப் படிக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த மனிதர்களின் பல்லில்தான் நமக்கான பாடம் எழுதப்பட்டிருக்கிறது.

அப்போ, பல் ஆடுமா?

ஆடாது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது தெரியவரும். காரை பக்கத்துப் பல்லோடு பல்லைச் சேர்த்துச் சிமெண்டு போல ஒட்டி வைத்திருக்கும். அதை எடுத்ததும், உள்ளே எலும்பு போன பல் தன் உண்மை நிலையைக் காட்டும். வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குவதால் இடுக்கு தெரியும், கொஞ்ச நாள் ஜில்லென்று கூசும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "டாக்டர் பல்லைக் கெடுத்துட்டார்" என்கிறோம். சுவரில் பூசிய சுண்ணாம்பை எடுத்ததும் விரிசல் தெரிந்தால், சுண்ணாம்பை எடுத்தவரா விரிசல் விட்டவர்?

எனாமல் பற்றி: 1955-லிருந்து பேசப்படுகிற அல்ட்ராசானிக் கருவி பல்லைத் துளைக்கும் டிரில் போன்றது அல்ல. முனை விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது, கூடவே தண்ணீர் பாய்கிறது. பழகிய கையில் காரைதான் பெயர்ந்து வரும். பை ஆழமாக இருந்தால் ரூட் பிளானிங். மரத்தை இழைப்புளியால் இழைக்கிற மாதிரி, வேரை இழைத்து வழவழப்பாக்குவது. அதற்கும் அடங்காத ஆழமான பைகளுக்கு ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் அறுவை. ஸ்வீடனின் விட்மன் 1918-ல் எழுதிய முறை, 1974-ல் திருத்தப்பட்டு, இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. சில வகைக் குழிகளில் போன எலும்பைக்கூட ஓரளவு மீட்கலாம் என்று 1982-க்குப் பிறகு தெரிந்துகொண்டார்கள். எல்லாம் சரி, ஆனால் எந்த முறையானாலும் வீட்டில் தினமும் விளக்காவிட்டால் பலன் நிற்காது. ரிக்ஸ் முதல் கார்ல்ஸ்டாட் வரை எல்லோரும் சொன்னது அது ஒன்றுதான்.

இன்னொன்று, நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். இரண்டு பக்கமும் வேலை செய்கிற உறவு இது.

அடுத்த தடவை ஊருக்குப் போன் பேசும்போது, பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று கேட்பதோடு, "அம்மா, பல் விளக்கும்போது ரத்தம் வருதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வருகிறது என்றால் லீவில் போகும்போது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு ரொம்பக் குறைவு. மலையகத்தில் அந்த 480 பேருக்குக் கிடைக்காதது நமக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கிறது.

பி.கு: நான் கணக்குக்காரன், உங்கள் வாய்க்கு என்ன வேண்டும் என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். "க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்" என்று யாராவது சொன்னால் மட்டும், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.